பால்மரத்திலிருந்து சில்லு வரை: ஒரு நாடு எப்படி வளர்கிறது?



போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் நம் நாட்டின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசினேன். பொறியியல் படிக்கிறவன் இல்லையா, பலகை முழுக்க வளைகோடுகள், எண்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிக்கும் நேரத்தில் படிவம் நான்கில் படிக்கும் தம்பி ஒருவன் கை தூக்கினான்.

"அண்ணே, நாடு வளர்ந்துச்சு, வளர்ந்துச்சுன்னு சொல்றீங்க. எங்க பாட்டி முப்பது வருசம் பால்மரம் சீவுனாங்க. அவங்க ஏன் வளரல?"

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டியும் தென் கெடாவில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர்தான். அன்று அந்தத் தம்பிக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அது பதிலே இல்லை. அதனால் இந்த மாதப் பாடத்தை அவன் கேள்விக்காகவே எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கோட்பாடு, கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை. பொறுமையாகப் படியுங்கள்.

1. வளர்ச்சி என்றால் என்ன?

முதலில் கணக்கு. ஒரு நாடு ஓர் ஆண்டில் உற்பத்தி செய்யும் பொருள், சேவை அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் கிடைப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தி. அது ஆண்டுக்கு ஆண்டு எத்தனை விழுக்காடு கூடுகிறது என்பதே 'வளர்ச்சி'.

இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. 70-ஐ வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால், எத்தனை ஆண்டுகளில் இரண்டு மடங்காகும் என்பது தெரிந்துவிடும். 2 விழுக்காடு என்றால் 35 ஆண்டு. 7 விழுக்காடு என்றால் வெறும் 10 ஆண்டு. மலேசியா 1988 முதல் 1996 வரை ஒவ்வோர் ஆண்டும் 8 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. அதாவது, ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து படிவம் மூன்றுக்குப் போவதற்குள் நாட்டின் உற்பத்தி இரண்டு மடங்கு ஆகிவிட்டது!

ஆனால் இந்தக் கணக்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934-லேயே எச்சரித்தார்: நாட்டு வருமானத்தை வைத்து மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள் என்று. பத்துப் பேர் வருமானத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அதில் ஒருவருடைய பெரிய வருமானம் மற்ற ஒன்பது பேரின் நிலையை மறைத்துவிடும். ஆகவே தம்பியின் கேள்வி சிறுபிள்ளைக் கேள்வி அல்ல. பொருளாதாரம் என்ற துறையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2. பாட்டியின் கூலியை யார் முடிவு செய்தது?

1877-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். காடுகள் தோட்டங்களாயின. உலகின் ரப்பரில் ஏறக்குறைய பாதியை மலாயா கொடுத்த காலமும் உண்டு.

காடு அழிக்க, மரம் நட, பால் வெட்ட ஆள் வேண்டுமே? திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரை இது நடந்தது.

பாட்டி சொல்வார்: "விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு, பெரட்டுக்குப் போயி, பேர் கொடுத்துட்டு நெரைக்குப் போவணும். நானூறு, ஐந்நூறு மரம். மழை பேஞ்சா பால் இல்ல. பால் இல்லன்னா காசு இல்ல." இதில் எத்தனை திறமை இருக்கிறது என்பது உளியைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். பாட்டி உளியைப் பிடுங்கிக்கொண்டார்!

இவ்வளவு திறமைக்கு ஏன் இவ்வளவு குறைந்த கூலி? இதற்குப் பதில் சொன்னவர் ஆர்தர் லூயிஸ். கரிபியக் கடலில் செயிண்ட் லூசியா என்ற சிறிய தீவில் பிறந்தவர். 1979-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆசை பொறியியல் படிப்பதுதான். ஆனால் கறுப்பின இளைஞனுக்கு அந்தக் காலத்தில் பொறியாளர் வேலை கிடைக்காது என்று தெரிந்ததால் வேறு துறைக்குப் போனார். இதைப் படித்தபோது என்னால் மறக்க முடியவில்லை.

1954-இல் லூயிஸ் எழுதிய கட்டுரையின் சாரம் இது. ஓர் ஏழை நாட்டில் இரண்டு துறைகள் இருக்கின்றன. ஒன்று பழைய துறை: சிறு விவசாயம், சில்லறை வேலை. அங்கே வேலைக்கு மிஞ்சிய ஆட்கள். மற்றொன்று புதிய துறை: தொழிற்சாலை, தோட்டம், சுரங்கம். பழைய துறையில் ஆட்கள் மிதமிஞ்சி இருக்கும் வரை, புதிய துறை கூலியை உயர்த்த வேண்டியதே இல்லை. கிராமத்தில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் போதும், ஆள் வரிசையில் நிற்கும். லாபம் முதலாளிக்கு. அந்த லாபம் மீண்டும் முதலீடானால் தொழில் பெருகும். ஒரு நாள் மிஞ்சிய ஆட்கள் எல்லாரும் தீர்ந்து போவார்கள். அன்றுதான் கூலி ஏறத் தொடங்கும்.

இதைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பாட்டியின் கூலியை முடிவு செய்தது அவருடைய உளித் திறமை அல்ல. ரப்பர் விலைகூட முழுக்க அல்ல. அவருடைய தாத்தா விட்டு வந்த கிராமத்தில் ஒரு காணி நிலத்தில் எவ்வளவு நெல் விளைந்தது என்பதே! அங்கே விளைச்சல் குறைவு, பசி அதிகம். ஆகவே கடல் தாண்டி வர சிறு கூலியே போதுமானதாக இருந்தது.

பின்னாளில் லூயிஸ் இன்னொன்றும் சொன்னார். அதே காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளுக்குப் பல கோடிப் பேர் குடியேறினார்கள். அவர்களுடைய ஊரில் விவசாயம் முன்னேறியிருந்ததால், நல்ல கூலி இல்லாமல் அவர்கள் கப்பல் ஏற மாட்டார்கள். ஆகவே அவர்கள் உற்பத்தி செய்த கம்பளிக்கு ஒரு விலை, நம்மவர்கள் உற்பத்தி செய்த தேயிலைக்கும் ரப்பருக்கும் வேறு விலை. தேயிலை குளிர்நாட்டுப் பயிராக இருந்திருந்தால் அதன் விலை பல மடங்கு கூடியிருக்கும் என்பது அவருடைய வாதம். உழைப்பு குறைவு என்பதால் அல்ல. உழைத்தவர் எங்கிருந்து வந்தார் என்பதால்.

இதில் இன்னும் ஒரு வேதனை உண்டு. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உயர்ரக மரங்களை உருவாக்கியது. பழைய கன்றுகளைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பால் கொடுக்கும் மரங்கள். ஆராய்ச்சியால் உற்பத்தித்திறன் ஏறியது. ஆனால் அந்த லாபம் கூலியாக வீட்டுக்கு வரவில்லை. ஒரு பங்கு பங்குதாரருக்குப் போனது. இன்னொரு பங்கு, மலிவான ரப்பராக, எங்கோ டயர் வாங்கியவருக்குப் போனது. 1950-இல் ராவுல் பிரபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்ற இருவரும் தனித்தனியே எழுதியதும் இதுதான்: மூலப்பொருளை விற்றுத் தொழிற்சாலைப் பொருளை வாங்கும் நாட்டுக்கு, நாள் போகப் போக அதே டிராக்டரை வாங்க இன்னும் அதிக மூட்டை விற்க வேண்டிவரும்.

ஆக தம்பி, முதல் பதில் இது: பாட்டி உழைப்பில் குறைவில்லை. பாட்டி நின்ற இடம், லாபம் தங்காத இடம்.

3. தோட்டத்து வாசலில் நின்ற மின்சாரம்

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று நம் நாடு யோசித்தது. 1956-இல் ஃபெல்டா தொடங்கியது. நிலமில்லாதவர்களுக்கு நிலம், வீடு, ரப்பர், பிறகு செம்பனை. 1958-இல் புதிய தொழில்களுக்கு வரிச்சலுகை கொடுக்கும் சட்டம் வந்தது. 1969 மே 13-க்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை. அதற்கு இரண்டு குறிக்கோள்: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது; இனத்தை வைத்துத் தொழிலை அடையாளம் காட்டும் நிலையை மாற்றுவது. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. அடுத்த 20 ஆண்டுகளில் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எந்த நாட்டோடு ஒப்பிட்டாலும் இது பெரிய சாதனை. அதை நாம் மறைக்கக்கூடாது.

ஆனால் தோட்டத் தொழிலாளி எங்கே இருந்தார்? ஏட்டில் அவர் கிராமத்தில் இருந்தார். உண்மையில் தனியார் நிலத்தில் இருந்தார். கிராம மேம்பாட்டுத் திட்டத்தின் சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் தோட்டத்து வாசல்வரை வந்து நின்றுவிட்டன. உள்ளே நடப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. நில உடைமைத் திட்டங்களும் பெரும்பாலும் அவரைத் தொடவில்லை. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த நேரத்தில்தான், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சேர்த்த பணத்திலேயே தோட்டம் வாங்குவது. பொருளாதாரப் பாடநூல் 'மூலதனத் திரட்டு' என்று சொல்வதை, நம் பெரியவர்கள் கூலிப் பணத்திலேயே செய்து காட்டினார்கள்.

எங்கள் தோட்டம் 1996-இல் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டது. நாடு 10 விழுக்காடு வளர்ந்த ஆண்டு அது. யோசித்துப் பாருங்கள்: நாடு வேகமாக வளர்ந்ததால் நிலத்தின் விலை ஏறியது. நிலத்தின் விலை ஏறியதால் ரப்பர் மரம் நிற்பது 'நட்டம்' ஆனது. பாட்டியை லயத்திலிருந்து வெளியேற்றியது வறுமை அல்ல, வளர்ச்சி! கையில் கொஞ்சம் இழப்பீடு, ஒரு டிரங்குப் பெட்டி, பிறையில் ஒரு வாடகை வீடு. பாட்டிக்கு அப்போது 55 வயது. தெரிந்த ஒரே தொழிலுக்கு அங்கே ஒரு மரம்கூட இல்லை.

4. பெரியம்மாவின் நுண்ணோக்கி

இனி பினாங்குக்குப் போவோம். 1960-களின் கடைசியில் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாதவர் கூட்டம் பெருகியது. 1969-இல் முதலமைச்சரான லிம் சொங் இயூ, தொழிற்சாலைகளை வெளிநாட்டிலிருந்தே அழைப்பது என்று முடிவெடுத்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று வரிசையாக வந்தன. நெல் வயலாக இருந்த இடத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள்.

என் பெரியம்மா 1978-இல், 19 வயதில், தோட்டத்திலிருந்து அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்ட வேண்டும். "கண்ணு எரியும்டா. ஆனா மழை பேஞ்சாலும் சம்பளம் வரும்" என்பார். அந்த ஒரு வரியில் லூயிஸ் சொன்னதெல்லாம் இருக்கிறது. பழைய துறையிலிருந்து புதிய துறைக்கு ஒரு பெண் தாவுகிறார். மாதச் சம்பளம், சேமநிதி, தம்பி தங்கைகளின் பள்ளிக்கட்டணம். என் அப்பா படிவம் ஐந்து வரை படித்தது அந்தத் தங்கக் கம்பியால்தான்.

ஆகவே 'வெளிநாட்டு முதலாளி சுரண்டிவிட்டான்' என்று ஒரே வரியில் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை வந்தது. வறுமை குறைந்தது. மிஞ்சிய ஆட்கள் தீர்ந்தும் போனார்கள். 1990-களில் தொழிற்சாலைகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. லூயிஸ் கணக்குப்படி அப்போது கூலி நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறியது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏனென்றால் கதவு இன்னொரு பக்கம் திறந்தது. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து புதிய ஆட்கள். நம் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்த அதே கதை, இப்போது விமானத்தில். தோட்டத்தில் நம் பாட்டிக்கு எது நடந்ததோ, அதுவே இன்று அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. அவர்களைப் பற்றிப் பேசும்போது வார்த்தையை அளந்து பேசுவோம். நம் குடும்பக் கதை மறந்துவிடக்கூடாது.

5. வியர்வை வளர்ச்சி, அறிவு வளர்ச்சி

இப்போது இரண்டாவது கோட்பாடு. ராபர்ட் சோலோ, 1956. ஒரு தையல்காரருக்கு ஒரு தையல் இயந்திரம் கொடுத்தால் உற்பத்தி பல மடங்கு ஏறும். இரண்டாவது இயந்திரம் கொடுத்தால்? கொஞ்சம் ஏறலாம். ஐந்தாவது? அவருக்கு இரண்டு கைதானே! இயந்திரத்தை மட்டும் குவித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அதைத் தாண்டி வளர வேண்டுமென்றால், அதே இயந்திரத்தையும் அதே ஆளையும் வைத்து அதிகம் செய்யத் தெரிய வேண்டும். அதாவது அறிவு. 1909 முதல் 1949 வரையிலான அமெரிக்கக் கணக்கை சோலோ அலசினார். ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி உயர்வில் எட்டில் ஏழு பங்குக்குக் காரணம் மூலதனம் அல்ல, தொழில்நுட்ப முன்னேற்றம் என்று கண்டார்.

1994-இல் பால் குரூக்மன் இதே அளவுகோலை ஆசியாவுக்கு வைத்தார். சிங்கப்பூர் போன்ற நாடுகளின் அதிசயம் பெரும்பாலும் வியர்வையால் வந்தது, புதுச் சிந்தனையால் அல்ல என்றார். பலருக்குக் கோபம் வந்தது. மூன்று ஆண்டில் 1997 நெருக்கடி வந்தது. அந்த நெருக்கடிக்குக் காரணம் வேறு: குறுகிய காலக் கடன், ஓடிப்போன பணம். 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டி வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் குரூக்மன் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது: இயந்திரம் உங்களுடையது சரி, அதற்குள் இருக்கும் மூளை யாருடையது?

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன். தொழிற்பயிற்சிக்கு ஒரு சில்லுத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் என் வேலை. ஒரு நாள் இரவு ஷிப்டில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, மூடியைத் திறக்கப் போனேன். மூத்த டெக்னீஷியன் ஒருவர் கையைப் பிடித்தார். "தம்பி, அதைத் திறக்கக்கூடாது. சப்ளையர்காரன் வெளிநாட்டுலேர்ந்து வந்துதான் திறக்கணும். நான் இருபத்திரண்டு வருசமா இந்த மிஷின்கூட இருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு இன்னும் முழுசாப் பார்த்ததில்ல."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது. மரத்தைத் தினமும் தொட்டவர், மரம் அவருடையது அல்ல.

ஏசர் நிறுவனத்தைத் தொடங்கிய தைவான்காரர் ஸ்டான் ஷி, 1990-களின் தொடக்கத்தில் இதை ஒரு படமாக வரைந்தார். 'புன்னகைக் கோடு' என்பார்கள். இடது முனையில் ஆராய்ச்சி, வடிவமைப்பு. வலது முனையில் முத்திரைப் பெயர், விற்பனை. நடுவில் பொருத்துதல், பரிசோதனை. லாபம் இரண்டு முனைகளிலும் உயரத்தில் இருக்கும், நடுவில் பள்ளம். உலகச் சில்லுகளின் பொருத்துதல், பரிசோதனைத் துறையில் மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 13 விழுக்காடு என்று சொல்லப்படுகிறது. பெருமைதான். ஆனால் நாம் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் நிற்கிறோம். 2007-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இதற்கு 'நடுத்தர வருமானப் பொறி' என்று பெயர் வைத்தார்கள்: கூலியில் ஏழை நாட்டோடு போட்டி போட முடியாது, அறிவில் பணக்கார நாட்டோடு போட்டி போட முடியாது.

6. ஏணியில் ஏறியவர்கள்

அப்படியானால் ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள்? 1960-இல் தென்கொரியாவைவிட மலாயா வசதியான நாடு. இன்று நிலைமை தலைகீழ்.

ஜெர்மானியரான பிரெட்ரிக் லிஸ்ட் 1841-லேயே எழுதினார்: பிரிட்டன் தன் தொழில்களைப் பாதுகாத்து வளர்ந்துவிட்டு, மேலே ஏறியதும் ஏணியை எட்டி உதைக்கிறது, மற்றவர்களுக்குத் தாராள வாணிபம் பேசுகிறது. அவருக்கும் முன்னால், 1791-இல், அமெரிக்காவின் அலெக்சாண்டர் ஹாமில்டன் இதே கருத்தைத் தன் நாட்டுக்குச் சொன்னார். குழந்தைத் தொழிலை நடக்கப் பழகும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் சுருக்கம்.

கொரியா அதைச் செய்தது. 1968-இல் எஃகு ஆலை அமைக்க நிறுவனம் தொடங்கியபோது, இரும்புத் தாதுவுக்கே வழியில்லாத நாட்டுக்கு இது எதற்கு என்று உலக வங்கி சாதகமாகச் சொல்லவில்லை. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் கட்டினார்கள். 1973-இல் போஹாங்கில் உற்பத்தி தொடங்கியது. நம் நாடும் முயன்றது. 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கை, 1983-இல் புரோட்டோன், 1985-இல் முதல் சாகா கார். ஆனால் 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

வேறுபாடு எங்கே? இரண்டு நாடுகளுமே குழந்தையைப் பிடித்துக்கொண்டன. கொரியா பிடித்துக்கொண்டே தேர்வும் வைத்தது: மலிவுக் கடன் வேண்டுமா, வெளிநாட்டில் விற்றுக் காட்டு. அங்கே வாங்குகிறவர் உன் மாமனா மச்சானா? தரம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். நம் கார் அதிக வரியின் நிழலில் உள்ளூரிலேயே விற்றது. நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டு முதல் காரும் சாகாதான், உதிரிபாகம் செய்யக் கற்ற எத்தனையோ உள்ளூர்த் தொழில்கள் அதனால் பிறந்தன. ஆனால் பாதுகாப்பு இருந்தது, தேர்வு இல்லை. கொரியாவிலும் எல்லாம் தேன் அல்ல. நீண்ட ராணுவ ஆட்சி, ஒடுக்கப்பட்ட தொழிற்சங்கங்கள். அந்த விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்று கொரியா தன் உற்பத்தியில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. நாம் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறோம்.

7. தம்பிக்குப் பதில்

அமர்த்தியா சென் 1999-இல் வளர்ச்சிக்கு வேறொரு விளக்கம் கொடுத்தார். ஒரு மனிதர் தான் மதிக்கும் வாழ்க்கையை வாழ அவருக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன? அதுதான் வளர்ச்சி. பணம் அதற்கு ஒரு கருவி.

அந்த அளவுகோலில் பார்த்தால், தம்பி, பாட்டிக்கு ஒரே வழிதான் இருந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு. அப்பாவுக்கு மூன்று இருந்திருக்கலாம். எனக்கு இன்று பத்து இருக்கின்றன. பாட்டி ஏன் வளரவில்லை என்று கேட்டாய். அவருடைய உழைப்பு வளர்ந்தது. அது அவரிடம் தங்காமல் வேறு இடங்களில் வளர்ந்தது. கொஞ்சம் எங்களிடம் வந்து சேர்ந்தது. அது இயற்கை விதி அல்ல. நிலம் யாருக்கு, மின்சாரம் எதுவரை, கூலி எவ்வளவு என்று மனிதர்கள் எடுத்த முடிவுகளின் விளைவு. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததே 2013-இல்தான். முடிவுகளை மாற்ற முடியும் என்பதால்தான் இதைப் படிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. இதை எழுதும்போது என் மேசையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று சிங்கப்பூரிலிருந்து. நாணய மாற்றில் இங்கே கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு. மற்றொன்று பினாங்கில் ஒரு சிறிய உள்ளூர் நிறுவனத்திலிருந்து. பரிசோதனை இயந்திரங்களைத் தாங்களே வடிவமைத்துச் செய்கிறார்கள். அங்கே மூடியைத் திறக்கலாம்! 2011-இல் உலக வங்கி கணக்கிட்டபடி சுமார் 10 லட்சம் மலேசியர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், பாதிக்கும் மேல் சிங்கப்பூரில். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் வீட்டுக்கடன் இன்னும் 9 ஆண்டு இருக்கிறது, எனக்கும் படிப்புக் கடன் இருக்கிறது. நாட்டுப்பற்று பேசினால் வங்கி தள்ளுபடி கொடுக்காது.

பாட்டியிடம் கேட்டேன். இரண்டு வேலையையும் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த எடத்துல ஐயா உனக்குத் தொழில் கத்துக் குடுப்பாங்க?"

சோலோவும் ஸ்டான் ஷியும் சொன்னதைப் பாட்டி ஒரு வரியில் கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. இம்மாதக் கடைசிக்குள் எழுத வேண்டும். அடுத்த வகுப்பில் சொல்கிறேன்.

பாடச் சுருக்கம்

• வளர்ச்சி என்பது உற்பத்தியின் பெருக்கம். மேம்பாடு என்பது மனிதரின் வாய்ப்புகளின் பெருக்கம். இரண்டும் ஒன்றல்ல.
• வேலைக்கு மிஞ்சிய ஆட்கள் இருக்கும் வரை, உற்பத்தித்திறன் ஏறினாலும் கூலி ஏறாது (லூயிஸ்).
• இயந்திரத்தைக் குவிப்பதால் வரும் வளர்ச்சிக்கு எல்லை உண்டு. அறிவால் வரும் வளர்ச்சியே நீடிக்கும் (சோலோ).
• பாதுகாப்போடு தேர்வும் வேண்டும் (கொரியாவின் பாடம்).

வகுப்பில் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் செய்த வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேலையிலும் லாபம் யாரிடம் தங்கியது?
2. இன்று நம் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலையும் நம் முன்னோரின் நிலையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன?
3. எஸ்.பி.எம். முடித்ததும் உடனே கிடைக்கும் சம்பளமா, இரண்டு ஆண்டு தொழிற்கல்வியா? வீட்டுச் சூழலையும் சேர்த்து யோசித்துப் பேசுங்கள்.
4. என் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தக் கடிதத்துக்குச் சம்மதம் எழுதுவீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.